கெட்டுப்போகாத ஊறுகாய்

எங்கள் ரப்பர் தோட்டத்து லயத்தில், அந்தக் கூலி வீட்டு வரிசையில், ஒருத்தி மாசமாக இருப்பது அவளுக்குத் தெரிவதற்கு முன்பே அக்காவுக்குத் தெரிந்துவிடும். விடிவதற்குமுன் பெரட்டுக் களத்தில் கூடி நின்று மண்டோர் பேர் வாசிக்கக் காத்திருப்போமே, அப்போது ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வருவார். ஒரு முகத்தில் கண் நின்றுவிட்டால் போதும். அன்று ரப்பர் மரத்தில் பால் வெட்டி முடித்து மத்தியானம் வீடு திரும்பினால், அந்த வீட்டு வாசலில் அக்கா நிற்பார். கையில் வாழையிலைத் துண்டு, அதன்மேல் இரண்டு துண்டு எலுமிச்சை ஊறுகாய்.

"வாயில வச்சிக்க. கொமட்டாது."

"எனக்கு ஒண்ணும் இல்லக்கா" என்று அந்தப் பெண் வெட்கப்படுவாள்.

"இல்லன்னா சோத்துக்குத் தொட்டுக்கலா. ஊறுகாய்க்கு என்ன, கோவிச்சுக்கவா போவுது?"

பத்து நாளில் அவளே கிண்ணத்தோடு வந்து கதவைத் தட்டுவாள். தோட்டத்து ஆஸ்பத்திரியைத் தனி ஆளாக நடத்திக்கொண்டிருந்த டிரசர் ஐயா இதை உறுதிசெய்ய இன்னும் இரண்டு வாரம் எடுத்துக்கொள்வார். "என்னோட உத்தியோகத்த அவங்ககிட்டயே குடுத்துடலாம்" என்று சிரிப்பார்.

நான் தாப்பாவிலிருந்து கட்டிக்கொடுக்கப்பட்டு அந்தத் தோட்டத்துக்கு வந்தவள். ஈப்போவிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம். முன்னால் ரப்பர் மரம், பின்னால் சுண்ணாம்பு மலை. அக்கா எனக்கு உறவில்லை. எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒரே பலகைச் சுவர், அதுவும் கூரை வரைக்கும் போகாது. அவர் இந்தப் பக்கம் இருமினால் நான் அந்தப் பக்கத்திலிருந்து தண்ணீர் வேண்டுமா என்று கேட்பேன். அவருடைய பேரை நான் இங்கே எழுதப்போவதில்லை. அந்தத் தோட்டத்துப் பெண்கள் இன்னும் நாலைந்து பேர் உயிரோடு இருக்கிறார்கள். இதைப் படித்தால் அவர்களுக்கு ஆள் யாரென்று தெரிந்துபோகும், தெரியட்டும். மற்றவர்களுக்குப் பேர் எதற்கு?

கொடுக்காமல் இருக்க அக்காவுக்கு வராது. அதுதான் அவர் குணம், அதுதான் அவர் வியாதி. மழைக்கு ஒதுங்கிய ரொட்டிக்காரரிடம் குடையைக் கொடுத்துவிட்டு ஒரு மழைக்காலம் முழுக்கச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு மரம் வெட்டப் போனார். தீபாவளிக்கு எடுத்துவைத்த சேலையை, எதிர் லயத்துப் பெண்ணைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள் என்று கொடுத்தார். கல்யாணம் நிச்சயமானது, சேலை திரும்பி வரவில்லை. "உங்க சேலைய வாங்கிக் கட்டாதவதான் இந்தத் தோட்டத்துல கல்யாணமாவாம கெடப்பா" என்று நான் கேலி செய்தால், வெற்றிலைச் சிவப்பான பல்லைக் காட்டிச் சிரிப்பார். "நீட்டுன கைய மடக்கினா மரத்துப் போயிடும் தங்கச்சி" என்பார். தாயில்லாத தம்பி மகள் இந்திராவைக் கூட வைத்து வளர்த்து, கழுத்திலும் காதிலும் இருந்ததைக் கழற்றிப் போட்டு, சித்தியவானில் மீன் வியாபாரம் செய்யும் ஒருவருக்குக் கட்டிக்கொடுத்ததும் அவர்தான். வயிற்றில் பிறந்தது மூன்று, ஒன்றும் தங்கவில்லை. புருஷனும் போய்விட்டார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு நாள்கணக்கில் சுருண்டு கிடந்து போனாராம். அந்த வலி அக்காவுக்கும் வரும். "வீட்டுக்காரரு எனக்கு விட்டுட்டுப் போன சொத்து" என்று சொல்லிவிட்டு, வெந்நீர் பாட்டிலை வயிற்றில் வைத்துப் படுத்துக்கொள்வார்.

அந்த ஊறுகாயின் ருசியைச் சொல்லாவிட்டால் கதை விளங்காது. புளிப்பும் உப்பும் உறைப்பும் யார் போட்டாலும் இருக்கும். அக்காவுடையதில் அடியில் ஒரு இனிப்பு இருக்கும். நாக்கில் பட்டுக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரியும். "வெல்லம் போடுறீங்களாக்கா?" என்று நான் பலமுறை கேட்டிருக்கிறேன். "வெல்லமா? சீ. அது சாடியோட கொணம்லா" என்பார். லயத்து வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடிக்காத கிராணி சம்சாரம், ஆபீசில் கணக்கு எழுதுகிறவர் பெண்டாட்டி என்ற நினைப்பு அவளுக்கு, மூன்றாம் மாசத்தில் வேலைக்காரப் பெண்ணிடம் கண்ணாடிக் கிண்ணம் கொடுத்தனுப்பினாள். நாக்குக்கு ஏது அந்தஸ்து? அக்கா அந்தக் கிண்ணத்தைத் தலைதட்ட நிறைத்து அனுப்பினார்.

இன்னொரு விஷயமும் உண்டு. அந்த ஊறுகாய் கெடாது. எங்கள் ஊர் ஈரத்துக்கு, என் ஜாடியில் போட்டது பத்தே நாளில் வெள்ளை பூத்துவிடும். அக்காவின் சாடியில் வருஷம் தாண்டினாலும் ஒரு பூஞ்சை, ஒரு புழு கிடையாது. சாடி பச்சை நிறம், முழங்கால் உயரம், தோளில் கயிறு கட்ட நாலு காது. வெளியே கண்ணாடி மாதிரிப் பளபளப்பு. புருஷன் மலைக் குகையில் வவ்வால் எரு அள்ளும் வேலைக்குப் போனபோது மண்ணுக்கு அடியில் கிடைத்ததாம். "பூச்சிகூடக் கிட்ட வராது பாரு" என்று அக்கா பெருமையாகத் தட்டிக் காட்டுவார். நானும் பெருமையாகத்தான் பார்த்தேன். பூச்சிக்கு இருந்த புத்தி எனக்கு இல்லை.

முதல் பிள்ளை எனக்கு ஐந்தாம் மாசத்தில் போனது. இரண்டாவது ஏழாம் மாசத்தில். இரண்டு தடவையும் என்னைக் குளிப்பாட்டியது அக்கா. துணியைச் சுற்றி எடுத்துக்கொண்டு போய்த் தோட்டத்து எல்லையில் என் புருஷனோடு நின்று புதைத்ததும் அவர்தான். திரும்பி வந்து குழையக் குழையச் சோற்றைப் பிசைந்து, ஓரத்தில் ஊறுகாய் வைத்து, "ரெண்டு வாய் சாப்பிடும்மா, ஒடம்பு தேறணும்" என்று ஊட்டினார். நான் அழுதுகொண்டே தின்றேன். ருசியாகத்தான் இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் பொய் சொன்ன மாதிரி ஆகிவிடும்.

எனக்கு மட்டும் இல்லை. எங்கள் மேல் லயத்தில் பாதிப் பெண்களுக்கு இதே கதை. கிராணி சம்சாரத்துக்கும் தங்கவில்லை. நாலு மைல் தள்ளியிருந்த அடுத்த தோட்டத்தில் வருஷா வருஷம் பெற்றுத் தள்ளினார்கள், எங்களுக்குத்தான் இந்தச் சாபம். ஆண்கள் கூடிப் பேசி, மலைமுனிக்குக் கோபம் என்று சேவல் அறுத்தார்கள். முனி அடங்கவில்லை. பிறகு யார் கண் வைத்தது என்று பேச்சு திரும்பியது. கீழ் லயத்தில் ஒரு விதவை இருந்தாள், பாவம், வாய் கொஞ்சம் நீளம். வளைகாப்பு நடந்த வீட்டு வழியாகப் போனாளாம், மறுவாரம் அந்தக் கரு கலைந்ததாம். அவள் தகரக் கூரைமேல் கல் விழ ஆரம்பித்தது. தண்ணீர்க் குழாயடிக்கு அவள் வந்தால் பெண்கள் குடத்தைக் கவிழ்த்துவிட்டுப் போனார்கள். ஒரு மாசத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அந்தப் பெட்டியின் மறுபக்கத்தைப் பிடித்து ரோடு வரைக்கும் தூக்கிப்போய் பஸ் ஏற்றிவிட்டது அக்கா ஒருத்தர்தான். நான் கதவிடுக்கில் நின்று பார்த்தேன்.

அந்த வருஷம்தான் அக்காவின் கை விழ ஆரம்பித்தது. வலது மணிக்கட்டு. மரம் வெட்டும் உளி பிடியிலிருந்து நழுவும். கையை நீட்டச் சொன்னால் முழங்கை வரைக்கும் நிற்கும், அதற்குமேல் வாடின கீரைத்தண்டு மாதிரித் தொங்கும். மரப்பட்டையில் வெட்டு ஆழமாக விழுந்து காயமாகிறது என்று மண்டோர் சத்தம் போட்டு, அவரைப் புல் வெட்டும் கும்பலுக்கு மாற்றினார். "மரம் இல்லன்னா புல்லு. என்ன சுசா, என்ன கஷ்டம் இதுல?" என்றார் அக்கா. ஊறுகாய் எடுத்துக் கொடுக்கும்போது இடது கையால் வலது மணிக்கட்டைத் தாங்கிப் பிடித்துக்கொள்வார். இடது கையால் கொடுப்பது மரியாதை இல்லையே.

எழுபதுகளின் கடைசியில் கோலாலம்பூரிலிருந்து ஆராய்ச்சிக்காரர்கள் மலைக் குகைக்கு வந்தார்கள். பழங்காலத்துப் புதைகுழிகளைத் தோண்டிப் பார்க்கும் கூட்டம். தோட்டத்திலிருந்து ஆள் எடுத்தார்கள். நான் மூன்றாவது முறையாக மாசமாக இருந்தேன், மூன்று மாசம். உட்கார்ந்து செய்கிற வேலை என்பதால் டிரசர் ஐயா சொல்லி எனக்குச் சல்லடை வேலை கிடைத்தது. தோண்டிய மண்ணைச் சலித்து, எலும்போ ஓடோ வந்தால் எடுத்து வைக்க வேண்டும்.

தலைமை ஒரு தமிழ் அம்மா. ஈப்போவில் பிறந்த கிறிஸ்தவர், கழுத்தில் சின்னச் சிலுவை, காலில் ஆம்பளை பூட்ஸ். டாக்டர் என்று சொன்னதும் எங்கள் லயமே இருமலையும் மூட்டுவலியையும் தூக்கிக்கொண்டு அவரிடம் போய் நின்றது. "நான் பானைக்கு டாக்டர்ங்க" என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போனார். ஆராய்ச்சியம்மா என்று பேர் வைத்தோம். எலும்புத் துண்டா கல்லா என்று சந்தேகம் வந்தால் எடுத்து நாக்கில் வைத்துப் பார்ப்பார். எலும்பு ஒட்டுமாம், கல் ஒட்டாதாம். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ஒரு நாள் என் சல்லடையில் பச்சை ஓடு ஒன்று வந்தது. கழுவினேன். பளபளத்தது.

"இதே மாதிரி எங்க பக்கத்து வீட்டுல முழுசா இருக்குங்க" என்றேன்.

ஆராய்ச்சியம்மா அன்று சாயங்காலமே வந்துவிட்டார். அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. பெஞ்சைத் துடைத்து உட்காரவைத்து, சோறு போட்டு, ஓரத்தில் ஊறுகாய் வைத்து, சாடியையும் இறக்கிக் காட்டினார். ஆராய்ச்சியம்மா முதலில் சின்னப் பிள்ளை மாதிரிச் சந்தோஷப்பட்டார். பிறகு டார்ச் அடித்து உள்ளே பார்த்தார். ஊறுகாய் பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது. வெளியே இருந்த பச்சைப் பளபளப்பு உள்ளே இல்லை. வெளிறி, சொரசொரவென்று, அரித்த மாதிரி இருந்தது.

"எத்தன வருஷமா இதுல ஊறுகாய் போடுறீங்க?"

"அது ஆச்சும்மா. அவரு இருந்தப்பலேர்ந்து. காலியாவ விடமாட்டேன்."

ஆராய்ச்சியம்மா சோற்றைத் தொடவில்லை. வயிறு சரியில்லை என்று சொல்லி, ஒரு கரண்டி ஊறுகாயை மட்டும் கண்ணாடிப் புட்டியில் வாங்கிக்கொண்டார். அக்காவுக்கு முகம் வாடிப்போனது. வெளியே வந்ததும் என் கையைப் பிடித்து, "நீங்க இத சாப்பிடுறீங்களா?" என்று கேட்டார்.

"தெனமும். அடியில ஒரு இனிப்பு இருக்கும் பாருங்க."

"இன்னையிலேர்ந்து வேணாம். ஏன்னு இப்பக் கேக்காதீங்க. எனக்கே நிச்சயமாத் தெரியல."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. செத்தவன் எலும்பை நாக்கில் வைக்கிற மனுஷி, எங்கள் அக்கா ஊறுகாயை வாயில் வைக்கமாட்டாளாம். படித்த திமிர். அந்த வீம்பிலேயே அன்று சோற்றுக்கு இரண்டு துண்டு அதிகமாகப் போட்டுக்கொண்டேன்.

இரண்டு வாரம் கழித்து டிரசர் ஐயா என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். அறையில் ஆராய்ச்சியம்மா உட்கார்ந்திருந்தார். அவருக்கு ஈப்போவில் ஒரு சிநேகிதர், மண்ணையும் கண்ணாடியையும் உலோகத்தையும் கரைத்துப் பார்த்து என்னென்ன கலந்திருக்கிறது என்று சொல்கிற படிப்பாம். ஊறுகாயையும் குகையில் கிடைத்த ஓட்டையும் அவரிடம் கொடுத்திருக்கிறார்.

"காரீயம்" என்றார். "நம்ம பாத்திரத்துக்குப் பூசுற வெள்ளீயம் இல்ல. இது வெஷம். அந்தச் சாடி பளபளன்னு இருக்கக் காரணமே அதுதான். உப்பும் எலுமிச்சையும் மாசக்கணக்குல உள்ள கெடந்தா அதக் கொஞ்சம் கொஞ்சமாக் கரைச்சு எடுத்துடும். ஒரு இனிப்பு வரும்னு சொன்னீங்களே, அது அதோட இனிப்பு."

"சாடியிலயா வெஷம்? அப்ப அத எதுக்குச் செஞ்சாங்க?"

"பொணத்தோட குழியில வைக்கச் செஞ்சது. செத்தவங்க சாப்பிடுறதுக்கு. உயிரோட இருக்கறவங்களுக்குச் செஞ்சது இல்ல."

டிரசர் ஐயா கண்ணாடியை என் கையில் கொடுத்து, என் கீழுதட்டை விரலால் இறக்கினார். ஈறும் பல்லும் சேருகிற இடத்தில் மை இழுத்த மாதிரி நீலமாக ஒரு கோடு ஓடியது. "வெத்தில கறைன்னு நெனச்சேனே" என்று அவர் தலையில் அடித்துக்கொண்டார். "அவங்க கை தொங்குது, வயித்து வலி, இந்தப் பொண்ணுங்களுக்குப் புள்ள நிக்கல. எல்லாம் என் கண்ணு முன்னாலதான் இருந்துச்சு."

என் வயிற்றில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். எல்லையில் புதைத்த இரண்டையும் நினைத்தேன். அக்கா பிசைந்து ஊட்டிய சோற்றை நினைத்தேன். அவர்மேல் ஒரு கணம் வெறுப்பு வந்தது என்பதையும் ஒளிக்க மாட்டேன். வந்த வேகத்தில் போய்விட்டது.

"பெரட்டுல வச்சு எல்லாருக்கும் சொல்லிடணும்" என்றார் டிரசர் ஐயா.

"வேணாங்கய்யா" என்றேன். "அந்த விதவையக் கல்லால அடிச்சுத் தொரத்துன கூட்டம் இது. அக்காதான் வெஷம் குடுத்தாங்கன்னு சொன்னா வீட்டோட கொளுத்திடுவாங்க. அவங்களுக்கே தெரிஞ்சா அவங்க தூக்குல தொங்கிடுவாங்க. சாடிய எடுத்துட்டுப் போயிடுங்க. எல்லாம் சரியாயிடும். உங்க காலுல விழறேன்."

விழுந்தேன். மாசக்காரி காலில் விழுந்தால் எந்த மனுஷன்தான் தாங்குவான். அவருக்கு மனசில்லை, ஆனாலும் ஒத்துக்கொண்டார். ஊறுகாய் தின்ற பெண்களுக்கெல்லாம் ரத்தத்தில் சத்தில்லை என்று சொல்லி ரத்தம் எடுத்து ஈப்போவுக்கு அனுப்பினார், மருந்து வரவழைத்துக் கொடுத்தார். ஆராய்ச்சியம்மா மட்டும் கிளம்பும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "இது மாதிரி வேற ஏதாச்சும் அந்தக் குகையிலேர்ந்து வெளிய வந்திருக்கான்னு நல்லா விசாரிச்சுச் சொல்லுங்க. நீங்க கேட்டாத்தான் அவங்க சொல்லுவாங்க. மறந்துடாதீங்க" என்றார்.

மறுநாள் சாடியை வாங்க வந்தார்கள். பழம்பொருள் காட்சிச்சாலையில் வைக்கப்போகிறோம் என்று சொன்னார்கள். அக்காவுக்கு அப்படி ஒரு சந்தோஷம். தானே கழுவித் துடைத்து, சேலைத் துணியைச் சுற்றிக் கொடுத்தார். மீந்த ஊறுகாயை நான் வாங்கிக்கொண்டு போய்க் கக்கூஸ் குழியில் கொட்டினேன். அன்று சுவர் தாண்டிக் கேட்டேன்.

"அக்கா, வீட்டுல வேற சாடி இருக்கா அது மாதிரி?"

"இல்லலா. இருந்தா அந்தம்மாவுக்கு அதையும் குடுத்திருக்க மாட்டேனா?"

எனக்கு அவ்வளவு போதும் என்று இருந்தது. வீட்டில் இருக்கிறதா என்றுதான் கேட்டேன். யாருக்காவது கொடுத்தீர்களா என்று கேட்கத் தோன்றவில்லை. கொடுப்பதையே பிழைப்பாக வைத்திருந்த மனுஷியிடம் அதைக் கேட்காமல் வேறு எதைக் கேட்டு என்ன?

எனக்குப் பெண் பிறந்தாள். உயிரோடு பிறந்தாள், அழுதாள், அக்காதான் முதலில் தூக்கினார். மூன்று வயசு வரைக்கும் பேச்சு வரவில்லை, பிறகு வந்தது. இன்று கமுந்திங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறாள், நல்ல பிள்ளை, கணக்கு மட்டும் ஏறாது. அதற்கும் அந்த நாலு மாசத்துக்கும் சம்பந்தம் உண்டா என்று நான் யாரையும் கேட்டதில்லை. மேல் லயத்திலும் பிள்ளைகள் தங்க ஆரம்பித்தன. முனி மலையிறங்கிப் போய்விட்டது என்றார்கள். அக்காவின் கைகூடப் பாதி எழும்பியது. டிரசர் ஐயாவுக்குக் கைராசி என்று அக்கா ஊரெல்லாம் சொன்னார். நான் உள்ளுக்குள் என்னை மெச்சிக்கொண்டேன். ஒரு உயிரையும் மானத்தையும் சேர்த்துக் காப்பாற்றிவிட்டேனாம்.

நாலு வருஷம் போனது. தோட்டத்தை வீட்டு மனைக்கு விற்கப்போகிறார்கள் என்று பேச்சு வந்ததும் நாங்கள் ஈப்போவுக்குக் குடிவந்தோம். ஒரு வெள்ளிக்கிழமை பஸ் நிலையத்தில் அக்காவைப் பார்த்தேன். பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மடியில் துணிப்பை, பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் பை நிறைய எலுமிச்சை.

"எங்கக்கா பயணம்?"

"சித்தியவானுக்குலா. இந்திரா முழுகாம இருக்கா. ரெண்டு தடவ நிக்கல, இது மூணாவது. இந்தத் தடவ கூடவே இருந்து பாக்கப்போறேன். பாவம், வாய்க்கு ஒண்ணும் புடிக்கலையாம். சாடி அவகிட்டத்தான் இருக்கு, போன ஒடனே போட்டு வச்சிடணும்."

முதலாவது போனது எனக்கு முன்பே தெரியும். அக்கா சொன்னபோது "பாவம்" என்று மட்டும் சொன்னேன். இப்போது சாடி என்ற சொல்லைக் கேட்டதும் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"எந்தச் சாடிக்கா?"

"அந்தப் பச்சைச் சாடிதான். அவரு கொகையிலேர்ந்து ஜோடியாத்தான் கொண்டாந்தாரு. ஒண்ண இந்திரா கல்யாணத்துக்குச் சீரோட குடுத்துட்டேனே. நீ பாக்கல?"

சொல்லிவிட்டேன். பஸ் இரைச்சலில், டிக்கெட்காரன் ஊர்ப் பேர்களைக் கத்திக்கொண்டிருக்க, பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றுவிடாமல் சொன்னேன். காரீயம், நீலக் கோடு, செத்தவர்களுக்குச் செய்த சாடி, எல்லாம்.

"அப்ப ஒன்னோடது ரெண்டும்?"

"ஆமாக்கா."

"என்னோடது மூணும்?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"எப்பலேர்ந்து தெரியும் ஒனக்கு?"

"அந்தம்மா சாடிய எடுத்துட்டுப் போனாங்களே, அப்பலேர்ந்து."

அக்கா விரல் விட்டு எண்ணினார். "அப்ப இந்திராவுக்குக் கல்யாணமாயி ஆறு மாசம். வயித்துல ஒண்ணும் இல்ல" என்றார். "ரெண்டும் அதுக்கப்புறந்தான் போச்சு."

"உங்கள ஊரு என்னமாச்சும் செஞ்சிடும்னு பயந்துதான்க்கா. நீங்க தாங்கமாட்டீங்கன்னு."

அவர் குரலை உயர்த்தவே இல்லை. "காறித் துப்பியிருப்பாங்க. கல்லு எறிஞ்சிருப்பாங்க. எறியட்டுமே. நானும் ஒரு பொட்டியத் தூக்கிக்கிட்டுப் போயிருப்பேன். போற வழியில சித்தியவானுக்குப் போயி அவகிட்டச் சொல்லியிருப்பேன்லா. அதுங்க ரெண்டும் இந்நேரம் ஓடி வெளையாடிக்கிட்டு இருக்கும்."

சித்தியவான் பஸ் வந்து நின்றது. அக்கா துணிப்பையை மட்டும் எடுத்துக்கொண்டு ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். எலுமிச்சைப் பை பெஞ்சிலேயே கிடந்தது. நான் அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பஸ் வளைந்து திரும்பும்வரை அவர் என் பக்கம் பார்க்கவில்லை.